சிரித்துக் கொன்ற பாவை

1989இல் அமெரிக்காவில் 'பப்பெட் மாஸ்டர்' என்றொரு பேய்ப்படம் வந்தது. தியேட்டர் பக்கம் போகாமல் நேராக வீடியோ கேசட்டில் இறங்கிய படம். தயாரிப்பாளர் சார்லஸ் பேண்ட் சிக்கனத்துக்குப் பெயர்போனவர். அந்த ஒரு படத்தை வைத்தே முப்பது ஆண்டுக்கு மேல் வண்டி ஓட்டிவிட்டார். 2020இல் வெளியான 'பிளேடு: தி அயர்ன் கிராஸ்' அதன் கிளைப்படம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கதை: ஒரு கையில் கத்தியும் மறு கையில் கொக்கியும் வைத்த சின்னஞ்சிறு பொம்மை நாஜிகளை வேட்டையாடுகிறது. கலை என்று சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 1941ஆம் ஆண்டு பெர்லினில் நடக்கும் 'பப்பெட் மாஸ்டர்' மூன்றாம் பாகம், பொம்மை ஏன் கொல்கிறது என்பதற்கு ஒரு காரணம் கற்பித்திருந்தது. நாஜிகளின் கையில் மாண்டவர்களின் உயிர்தான் பொம்மைகளுக்குள் குடியிருக்கிறதாம். படை இல்லாதவன், செத்தவனையே படையாக்கிக்கொள்கிறான்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கொல்லிப்பாவை நினைவுக்கு வராமல் இருக்காது. கொல்லிமலையில் தவம் செய்தவர்களை அரக்கர்கள் தொல்லைப்படுத்த, தெய்வத் தச்சன் ஒரு பெண்பாவையைச் செய்து நிறுத்தினான். பகைவரின் வாடை பட்டால் அது தானே அசையும், சிரிக்கும், மயங்கி நெருங்கியவரைக் கொல்லும் என்பது கதை. பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுவருவதால் சங்க இலக்கியத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். பாட்டுகளைப் புரட்டினால் அப்படி இல்லை. நற்றிணை 201இல் பரணர் காட்டும் பாவை, காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாமல் நிற்கிறது. நிற்பது மட்டுமே அதன் வேலை. குறுந்தொகை 89இல் உலக்கை போட்டுக்கொண்டே பாடும் பெண்ணுக்கு அதை உவமையாகச் சொல்கிறார். இங்கெல்லாம் பாவை சிரிக்கவுமில்லை, யாரையும் கொல்லவுமில்லை.

பெயரிலேயே கொலை இருக்கிறதே என்று கேட்பார்கள். கொல்லி மலையின் பெயர். அதே பெயரில் ஒரு பண்ணும் உண்டு. அந்தப் பண் யாரையும் கொன்றதாகக் கேள்வியில்லை. இதைவிட வலுவான மறுப்பு நற்றிணை 185இலிருந்து வரும். காந்தள் மலர்களிலிருந்து எடுத்த தேனைச் சேர்த்து ஈக்கள் கட்டிய, பல கண்ணுள்ள அடை தொங்கும் உயர்ந்த பாறை; அதில் தெய்வம் எழுதிய பாவையைப் போன்றவள் என்னைக் கொல்லத் துணிந்துவிட்டாள் என்று தலைவன் புலம்புகிறான். கொலை என்ற சொல்லும் பாவையும் ஒரே பாட்டில் அருகருகே நிற்கின்றன. ஆனால் கொல்வது யார்? இரக்கம் காட்டாத காதலி. பாவை அவள் அழகுக்குச் சொன்ன உவமை, அவ்வளவே. பின்னால் வந்த கதை, காதலியின் குற்றத்தைப் பாறையிலிருந்த பாவையின் மேல் ஏற்றிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. குறுந்தொகைப் பாட்டு கொல்லியை அச்சம் மிகுந்த மலை என்பது உண்மைதான். காடடர்ந்த மலையில் அச்சத்துக்கா பஞ்சம்? அதற்கு ஒரு பாவை வேண்டியதில்லை.

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டைச் சுற்றிவரும் இந்தத் தொடர் ஏன் கொல்லிக்குத் தாவுகிறது என்று கேட்கலாம். ஜவ்வாதிலும் கொல்லியிலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்களுடைய வாய்மொழி. இங்கே புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்றால் அங்கே வாழவந்திநாடு, வளப்பூர்நாடு. அதைவிட முக்கியமான காரணம் கல். ஜவ்வாதின் தெற்கு அடிவாரமான செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது. எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாண்ட வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். கடித்த நாய்க்குப் பெயரும் கணக்கும் கொடுக்கிற ஊர் இது. ஒரு படையையே கொன்ற பாவை இருந்திருந்தால் அதன் செயலைப் புலவர்கள் பாடாமல் விட்டிருப்பார்களா? நடுகல் ஏழாம் நூற்றாண்டு, பாட்டு அதற்கும் முந்தையது, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்றால், செங்கண்மாத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமிலேயே வீரர் பெயர் தாங்கிய நடுகற்கள் வந்துவிடுகின்றன. பழக்கம் பழையது.

அப்படியானால் பாவை எப்போது போருக்குப் போனது? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று பாவைக்கூத்து. போர்க்கோலம் பூண்ட அவுணர் அதைக் கைவிடும்படி திருமகள் ஆடியது. உரைகாரர்கள் அதைக் கொல்லிப்பாவை வடிவம் என்றே விளக்குகிறார்கள். இங்கும் கொலை இல்லை, மயக்கம்தான். ஆனால் எதிரே ஒரு படை வந்துவிட்டது. மயக்கத்திலிருந்து கொலைக்குப் போக ஒரு தப்படி போதும். அந்தத் தப்படியை வைக்கவைத்தது மலையின் சொந்தப் போர் என்பது என் ஊகம். அகநானூறு 209 சொல்கிறது: முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். அதே மூச்சில் பாவையையும் சொல்கிறது. ஓரியைக் கொன்ற கையோடு காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320இல் உவமையாக்குகிறார். குறுந்தொகையில் கபிலருக்கு அது ஓரியின் மலை. பரணருக்குச் சேரன் பொறையனின் மலை. ஆள் மாறினான், பாவை மாறவில்லை. காவலனைப் பறிகொடுத்த மலைக்கு, தோற்காத காவல் ஒன்று கதையிலாவது தேவைப்பட்டிருக்கும். கதையில் வருபவர்கள் அரக்கர்தானே, சேரர் இல்லையே என்று மறுக்கலாம். வென்றவனே ஆளும்போது அவன் பெயரை வைத்தா கதை சொல்வார்கள்?

இன்று செம்மேட்டில் ஓரி சிலையாக நிற்கிறான். ஆடியில் அவனுக்கு அரசு விழா நடக்கிறது. எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளைத்தான் மலைமக்கள் கொல்லிப்பாவை என்கிறார்கள். பரணர் பாவையின் கைகளை எண்ணிச் சொல்லவில்லை.

(தொடரும்)