குண்டூசியில் பின்னிய காலுறை

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ரொம்பச் சின்ன ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எவ்வளவு சின்னதுன்னா, ஒரு மிளகு அளவு.

போன மாசம் என் அக்கா பொண்ணு தன்னோட பொம்மை வீட்டுக்கு ஒரு தையல் கூடை வேணும்னு கேட்டா. ஏழு வயசு. கடையில வாங்கித் தரேன்னா வேண்டாமாம், "சித்தி, நீயே செஞ்சு குடு"ன்னு பிடிவாதம். சரின்னு வீட்டுல இருந்ததை வச்சே உட்கார்ந்தோம். மிளகு மேல தையல் நூலைச் சுத்தினா நூல்கண்டு. பல்குச்சியோட கூர் முனையை ரெண்டு சென்டிமீட்டருக்கு வெட்டி, மறுமுனையில ஒரு கடுகை ஒட்டினா பின்னல் ஊசி. இயர்பட்ஸ் குச்சியைத் துண்டு துண்டா நறுக்கினா நூல் உருளை. மாத்திரை அட்டையோட அலுமினியத் தாள்ல கத்தரிக்கோல். தண்ணி பாட்டில் மூடியைச் சுத்திச் சணல் ஒட்டினா கூடை. கடுகு மட்டும் நாலு தடவை காணாமப் போச்சு.

எல்லாம் முடிஞ்சதும் அவ கேட்டா: "இதுல நிஜமாவே பின்ன முடியுமா?"

முடியாதுன்னேன். இதெல்லாம் சும்மா பார்க்கத்தான்னேன். அப்படிச் சொன்னப்பவே எனக்கு ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். ரெண்டு குண்டூசியை எடுத்து, மெல்லிய நூலில், பொம்மைக் காலுக்கு நிஜமாகவே காலுறை பின்னியவர். குழந்தைகள் விளையாடுவதற்காக அல்ல. அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்ட பொம்மை ஒரு பிணம்.

பெயர் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1878-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா விவசாய இயந்திர வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தவர், பின்னாளில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆன கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவர். பிரெய்ரி அவென்யூவில் அவர்கள் வாழ்ந்த கல் வீடு இன்றைக்கும் மியூசியமாக இருக்கிறது. அண்ணன் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். தங்கை போகவில்லை. போக நினைத்திருந்தாலும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1945-ல்தான். அதற்குள் இவருக்கு 67 வயது.

ஆக, பணக்கார வீட்டுப் பெண்கள் கற்றுக்கொள்வதை இவரும் கற்றுக்கொண்டார். தையல், பின்னல், உள் அலங்காரம், சின்னச் சின்னப் பொருள் செய்வது. அதில் அவர் எவ்வளவு தீவிரம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1913-ல் அம்மாவின் பிறந்தநாளுக்கு சிகாகோ சிம்பொனி இசைக்குழுவையே மினியேச்சராகச் செய்து கொடுத்தார். 90 கலைஞர்கள், கோட்டு சூட்டோடு, ஆளுக்கொரு வாத்தியத்தோடு. கேக்கை வெட்டிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுற நம்ம கதையெல்லாம் இங்க பேச வேண்டாம்.

கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து, 1914-ல் விவாகரத்து. மூன்று குழந்தைகள். அவருடைய அடுத்த வாழ்க்கையைத் திருப்பியது அண்ணனின் ஹார்வர்டு நண்பர் ஒருவர், ஜார்ஜ் பர்கஸ் மக்ராத். பாஸ்டனில் மருத்துவப் பரிசோதகர். அதாவது, சந்தேகத்துக்குரிய சாவு நடந்தால் உடலைப் பார்த்துக் காரணம் சொல்கிற டாக்டர். அவர் சொன்ன கதைகளில் லீ-க்குப் புரிந்த ஒரு விஷயம் முக்கியம். அன்றைக்கு அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் இந்த வேலையைச் செய்தவர் டாக்டரே இல்லை. கரோனர் என்று ஒருவர், தேர்தலில் ஜெயித்து வருவார். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. சாவு நடந்த வீட்டுக்கு முதலில் போகும் போலீஸ்காரருக்கும் பயிற்சி கிடையாது. அவர் பொருட்களை நகர்த்துவார், ரத்தத்தை மிதித்துக்கொண்டு நடப்பார், துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்ப்பார்.

லீ-யிடம் பட்டம் இல்லை, பணம் இருந்தது. அவர் தந்த நிதியில் 1931-ல் ஹார்வர்டில் சட்ட மருத்துவத்துக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவானது. பிறகு நூலகம், பிறகு இன்னும் பெரிய நன்கொடை. அடுத்தது போலீஸ்காரர்களுக்குப் பாடம் எடுப்பது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். பாடம் நடக்கும் வாரத்தில் வசதியாக ஒரு கொலை நடக்காதே. நடந்தாலும் முப்பது பேரை அந்த வீட்டுக்குள் நிறுத்த முடியாது. போட்டோ காட்டலாம், ஆனால் போட்டோ எடுத்தவர் எதைப் பார்த்தாரோ அதை மட்டும்தான் நாமும் பார்ப்போம்.

அதற்கு லீ கண்டுபிடித்த வழி, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: பொம்மை வீடு.

1943 வாக்கில் ஆரம்பித்தார். அப்போது வயது 65. அதே வருடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் போலீஸ் அவருக்கு கேப்டன் பதவியும் கொடுத்தது. அங்கிருந்த தன் பண்ணையிலேயே பட்டறை வைத்தார். ரால்ஃப் மோஷர் என்கிற தச்சர் வீட்டையும் மேசை நாற்காலியையும் செய்வார், லீ பொம்மைகளையும் துணிமணிகளையும் பார்த்துக்கொள்வார். ஒரு அடிக்கு ஒரு அங்குலம், அதாவது 1-க்கு 12 என்கிற கணக்கு. ஐந்தரை அடி மனிதர் ஐந்தரை அங்குலம்.

இந்தக் கணக்கில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், வீட்டுப் பொருள் எல்லாமே நம்மை ஏமாற்றும். புதுத் துணியில் பொம்மைக்குச் சட்டை தைச்சா அது அட்டைப் பெட்டி மாதிரி விறைச்சு நிற்கும். துணியோட எடையைச் சுருக்க முடியாதே. போட்டுப் போட்டு நைந்த துணிதான் உடம்போடு படியும். லீ அதைத்தான் தேடினார், ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த துணியை. மரத்திலும் அதே கதை. பழைய களஞ்சியம் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தபோது, வெயிலிலும் மழையிலும் நரைத்த நிஜக் களஞ்சியப் பலகையின் மேல்பகுதியை மெல்லிதாகச் சீவிப் பயன்படுத்தினார்கள். சமையலறைச் சுவரில் தொங்கும் சில சாமான்கள் கை வளையலில் கோர்க்கிற அலங்காரத் தொங்கல்கள். சிகரெட்டை நிஜப் புகையிலை வைத்துச் சுருட்டினார். பூட்டுக்குச் சாவி உண்டு. ஜன்னல் திரை ஏறி இறங்கும். எலிப்பொறி வேலை செய்யும். எரிந்துபோன வீடு ஒன்று வேண்டும் என்றபோது, முழு வீட்டையும் செய்து முடித்த பிறகு, ஊதுவிளக்கை வைத்து அவரே எரித்தார். மோஷரின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

பொம்மைகளின் உடலில் ஈயக் குண்டு அடைத்தார், பிணத்துக்குரிய கனத்தோடு அது கிடக்க வேண்டும் என்பதற்காக. தோலுக்கு வர்ணம் பூசியது இன்னும் நுட்பம். இறந்த பிறகு ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கும், அந்த இடம் கருஞ்சிவப்பாகும். குப்புற விழுந்து செத்தவரின் முதுகில் அந்த நிறம் இருந்தால், யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பொம்மையின் தோலிலேயே இதைப் படிக்கலாம்.

இப்படிச் செய்த வீடுகள் சுமார் இருபது. 'நட்ஷெல்' என்று பெயர். குற்றவாளியைத் தண்டிக்க வை, நிரபராதியை விடுவி, கொட்டைக்குள் இருக்கும் உண்மையைக் கண்டுபிடி என்று போலீஸ் வட்டாரத்தில் வழங்கிய ஒரு வாசகத்திலிருந்து வந்தது. 1945 முதல் வருடத்துக்கு இரண்டு தடவை, ஒரு வாரப் பயிற்சி. டிடெக்டிவ்களுக்கு ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு வீடுகளுக்கு 90 நிமிஷம். இடமிருந்து வலமாக, ஓரத்திலிருந்து உள்ளே சுற்றி வந்து, கடைசியாக உடலைப் பாருங்கள் என்பார். யார் கொன்றது என்று கண்டுபிடிப்பது நோக்கமே இல்லை. எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பொம்மை வீட்டு வரலாற்றில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று புரிய, 250 வருடம் பின்னால் போகலாம். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோநெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணி 1686-லிருந்து இருபது வருடத்துக்கு மேல் ஒரு பொம்மை வீட்டைச் செய்வித்தார். ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. ஆமை ஓடு பதித்த அலமாரி, உள்ளே பளிங்கு, பட்டு, குட்டிப் பீங்கான். என்னிடம் எவ்வளவு இருக்கிறது பாருங்கள் என்று சொல்லும் வீடு. லீ தன்னுடைய பணத்தைக் கொட்டிக் கட்டியதோ வாடகை அறைகள், குடிகாரர்களின் படுக்கை, கிழிந்த சுவர்த்தாள், கழுவாத பாத்திரம். செத்துக் கிடப்பவர்களில் பலர் பெண்கள், பெரும்பாலும் ஏழைகள், பெரும்பாலும் தங்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே. கொஞ்சம் குறையும் சொல்லணும். பெரிய மாளிகையில் வளர்ந்தவர் ஏழை வீட்டை எட்டிப் பார்க்கிற தொனி சில அறைகளில் எனக்குத் தட்டுப்படுகிறது. ஆனால், அந்தப் பெண்களின் சாவு 90 நிமிஷம் உற்றுப் பார்க்கத் தகுந்தது என்று அன்றைக்கு அவ்வளவு பிடிவாதமாக வேறு யார் சொன்னார்கள்?

சமையலறைன்னு ஒரு நட்ஷெல் இருக்கு. 1944 ஏப்ரல். வீட்டுக்காரி தரையில கிடக்கிறா. புருஷன் சொல்றது: சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வேலையா வெளியே போனேன், ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்தா கதவெல்லாம் பூட்டியிருந்தது, ஜன்னல் வழியாப் பார்த்தேன், போலீஸைக் கூப்பிட்டேன். கேஸ் அடுப்பு திறந்து கிடக்கு. பொம்மையோட முகம் இளஞ்சிவப்பு. அந்தக் காலத்து கேஸில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதில் செத்தவர்களுக்கு அந்த நிறம் வரும். தற்கொலைன்னு ஃபைலை மூடிடலாம். ஆனால், தொட்டியோரம் பார்த்தால் உருளைக்கிழங்கு. பாதிதான் தோல் சீவியிருக்கு. சாகப் போறவ ராத்திரி சமையலை ஆரம்பிப்பாளா? ஆரம்பிச்சு நடுவுல விடுவாளா? பதில் எனக்குத் தெரியாது, யாருக்கும் சொல்ல மாட்டாங்க. ஏன்னா அந்த வீடுகள் இன்னும் பாடம் நடத்துது.

லீ 1962-ல் இறந்தார். சில வருடங்களில் ஹார்வர்டு அந்தத் துறையையே மூடிவிட்டது. வீடுகள் பால்டிமோருக்கு, மேரிலாந்து மாநிலத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்துக்குப் போயின. 18 வீடுகள் அங்கே இருக்கின்றன. 2017-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ரென்விக் கேலரியில் முதல் தடவையாகப் பொதுமக்கள் எல்லாரும் பார்க்கக் காட்சிக்கு வைத்தார்கள். அதற்காகப் பழுது பார்க்கும்போது பழைய பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டார்கள், அந்தச் சூடு பொருட்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கைவேலை என்று ஒதுக்கப்படுகிற ஒன்றை மியூசியத்துக்குள் கொண்டுவர 70 வருடம்.

இந்த எபிசோடுக்குத் தயார் பண்ணும்போது அந்தச் சமையலறைப் படத்தை போன்ல பாட்டிகிட்ட காட்டினேன். எங்க வீட்டுக் கொலுவுக்குப் பூங்கா செய்யறது பாட்டிதான். கேழ்வரகு முளைக்க வச்சுப் புல்தரை, உடைஞ்ச கண்ணாடியில குளம், தீக்குச்சியில வேலி. அதனால ரசிப்பாங்கன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க.

பாட்டியோட தங்கை கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் செத்துப்போனது எனக்குத் தெரியும். 1976. "பம்பு ஸ்டவ் வெடிச்சிடுச்சு." எங்க குடும்பத்துல அதைப் பத்தி இந்த மூணு வார்த்தைதான் உண்டு. அந்த வருஷங்கள்ல நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல இந்த மூணு வார்த்தை இருந்திருக்கும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பெண் சந்தேகப்படும்படி செத்தா பிரேதப் பரிசோதனை கட்டாயம்னு சட்டம் மாறினதே 1983-ல. வரதட்சணைச் சாவுன்னு தனிக் குற்றமே 1986-லதான் வந்தது.

"நீங்க போய்ப் பார்த்தீங்களா பாட்டி, அந்த அடுப்படியை?"ன்னு கேட்டேன்.

"நான் போறதுக்குள்ள எல்லாத்தையும் கழுவி விட்டுட்டாங்கடி"ன்னாங்க. கொஞ்சம் கழிச்சு, "அரிசி மட்டும் இருந்தது. களைஞ்சு, தண்ணி ஊத்தி, மூடி வச்சிருந்தா. ஸ்டவ் இருந்த மேடையில இல்ல, அந்தாண்ட, அம்மிகிட்ட. யாரும் அதைப் பார்க்கல. நான்தான் எடுத்துக் கொட்டினேன்."

நான் ஒண்ணும் பேசல. பாட்டி போனை என் கையில திருப்பிக் கொடுத்துட்டு, "அந்தக் கிழங்கைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டு"ன்னாங்க.