பேட்ஜ் நம்பர் 1 ஏ

அரசாங்க வேலைக்கு என்றைக்காவது விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் நான் விளக்கவே வேண்டாம். பள்ளிக்கூட டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பதிவு மூப்பு அட்டை. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது. அந்த இன்னொன்றை வாங்கப் போனால், முதலாவது காலாவதி ஆகியிருக்கும். நர்ஸ் வேலைக்குக் காத்திருந்த அக்காக்களும் தங்கைகளும் இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. படிப்பு முடிந்து, கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் சொற்பச் சம்பளத்துக்கு நின்றபடி, போஸ்ட்மேன் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது ஒரு நீண்ட காத்திருப்பின் கதை. அமெரிக்காவில் நடந்தது. கதையை ஒரு பேட்ஜிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1918 ஜூலை மாதம். முதல் உலக யுத்தம் உச்சத்தில். பிரான்சிஸ் எலியட் என்கிற நர்ஸுக்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து ஒரு பேட்ஜ் வருகிறது. சின்னதாக, அழகாக. எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பின்னால் எண் பொறித்திருக்கிறது: 1 ஏ.

ஒன்று சரி. அதென்ன ஏ?

அந்தச் சங்கம் அதுவரை எத்தனையோ ஆயிரம் நர்ஸ்களுக்கு பேட்ஜ் கொடுத்திருந்தது. எல்லாவற்றிலும் வெறும் எண்தான். பிரான்சிஸ் எலியட் கறுப்பினப் பெண். செஞ்சிலுவைச் சங்கம் முறைப்படி பதிவு செய்துகொண்ட முதல் கறுப்பின நர்ஸ். அவரை மற்றவர்களோடு ஒரே வரிசையில் எண்ண மனசு வரவில்லை. எனவே தனி வரிசை. ஒன்று ஏ, இரண்டு ஏ, மூன்று ஏ... எண்ணைப் பார்த்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்க வேண்டிய சிரமம்கூட இல்லை, பாருங்கள்!

செஞ்சிலுவைச் சங்கம் ஒரு தொண்டு அமைப்புதானே, அதற்கும் அரசாங்க வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் நர்ஸ்களுக்கென்று தனிப் படை 1901-ல் உருவானது. யுத்தம் என்று வந்தால் திடீரென்று ஆயிரக்கணக்கில் நர்ஸ்கள் வேண்டுமே? அந்தப் பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்ளும் பொறுப்பைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் விட்டிருந்தார்கள். அங்கே பெயர் இருந்தால் ராணுவ வேலை. இல்லாவிட்டால் இல்லை. நம் பாஷையில் சொன்னால், அதுதான் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச்.

சரி, அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்வது? ராணுவத்தில் சேரச் செஞ்சிலுவைப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு கிடைக்க, அமெரிக்க நர்ஸ்கள் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். அதில் உறுப்பினராவதற்கு, 1916-க்குப் பிறகு, மாநிலச் சங்கத்தின் வழியாக மட்டுமே போக முடியும். தெற்கு மாநிலங்களின் சங்கங்களோ கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாது.

முடிந்தது கதை!

எந்த விதியிலும் 'கறுப்பர்களுக்கு வேலை கிடையாது' என்று ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லை. ராணுவத்தைக் கேட்டால் செஞ்சிலுவையைக் காட்டும். செஞ்சிலுவையைக் கேட்டால் நர்ஸ்கள் சங்கத்தைக் காட்டும். நர்ஸ்கள் சங்கம், அது மாநிலங்களின் விவகாரம் என்று கையை விரிக்கும். இது போதாதென்று இன்னொரு முட்டுக்கட்டை. படித்த நர்ஸிங் பள்ளி, குறிப்பிட்ட அளவு படுக்கைகள் உள்ள ஆஸ்பத்திரியோடு இணைந்திருக்க வேண்டும். கறுப்பின நர்ஸ்கள் படிக்க முடிந்த ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் சின்னவை. பெரிய ஆஸ்பத்திரிகள்தான் அவர்களைச் சேர்ப்பதில்லையே.

பிரான்சிஸ் எலியட் எப்படி நுழைந்தார்? சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். வாசிக்கக் கற்றுக்கொண்டதே சொந்த முயற்சியில்தான். வாஷிங்டனில் ஃப்ரீட்மென்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படித்து முடித்தார். விண்ணப்பம் போட்டார். இன்னும் படித்துவிட்டு வா என்றார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போய்ப் படித்தார். பிறகு டென்னசி மாநிலத்தில் கிராமப்புற சேவைக்கு அனுப்பினார்கள். போனார். அப்புறம்தான் அந்த பேட்ஜ். இத்தனைக்கும் அவர் ஆசைப்பட்ட ராணுவ நர்ஸ் வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வருஷம் உலகத்தையே உலுக்கிய ஃப்ளூ அவரையும் பிடித்தது. இதயம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

அதே ஃப்ளூதான் வேறு சிலருக்குக் கதவைத் திறந்தது. ராணுவ முகாம்களில் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. 1918 டிசம்பரில், போனால் போகிறதென்று 18 கறுப்பின நர்ஸ்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. யுத்தம் நவம்பர் 11-ம் தேதியே முடிந்துவிட்டது என்பதைக் கவனிக்கவும். ஒஹையோவிலும் இல்லினாயிலும் இருந்த இரண்டு முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சிகிச்சை எல்லா நிறத்து நோயாளிகளுக்கும். ஆனால் இவர்கள் தங்க மட்டும் தனிக் கொட்டகை. அடுத்த வருஷமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருபது வருஷம் ஓடியது. இப்போது கதையில் இன்னொரு பெண்மணி வருகிறார். இவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மேபல் ஸ்டாப்பர்ஸ். 1890-ல் பார்படோஸ் தீவில் பிறந்தவர். பதிமூன்று வயதில் அம்மாவோடு நியூயார்க் வந்தார். அதே ஃப்ரீட்மென்ஸ் ஆஸ்பத்திரியில் 1917-ல் நர்ஸிங் முடித்தார். காசநோய் ஒழிப்பு வேலையில் ஹார்லெம் பகுதியில் பன்னிரண்டு வருஷம் உழைத்தார். குள்ளமான, படபடவென்று பேசுகிற, ஒரு இடத்தில் உட்காராத ஆசாமி. 1934-ல் கறுப்பின நர்ஸ்களின் தேசிய சங்கத்துக்கு முழுநேரச் செயலாளரானார்.

அந்தச் சங்கமும் ஒரு தபால்காரர் கதைதான். மார்த்தா பிராங்க்ளின் என்கிற நர்ஸ், நாடு முழுக்க இருந்த கறுப்பின நர்ஸ்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைத் தன் கையாலேயே எழுதிப் போட்டார். ஒன்று சேரலாமா என்று கேட்டு. 1908-ல் நியூயார்க்கில் கூடியவர்கள் 52 பேர். அந்த 52-ல் ஆரம்பித்ததுதான்.

1939-ல் ஐரோப்பாவில் அடுத்த யுத்தம் தொடங்கியது. அமெரிக்காவும் தயாராக ஆரம்பித்தது. பழைய ஞாபகம் ஸ்டாப்பர்ஸுக்கு இருந்தது. போன தடவை மாதிரி யுத்தம் முடிந்த பிறகு கூப்பிட்டால் என்ன பிரயோஜனம்? இந்த முறை ஆரம்பத்திலேயே விண்ணப்பம் போடுங்கள் என்று தன் சங்க நர்ஸ்களை உசுப்பிவிட்டார். போட்டார்கள். பதில் வந்தது. விதிகளில் கறுப்பின நர்ஸ்களை நியமிக்க ஏற்பாடு எதுவும் இல்லை என்பதுதான் பதிலின் சாரம்.

சத்தம் போட்டார்கள். பத்திரிகைகளில் வந்தது. 1941 ஜனவரியில் ராணுவம் இறங்கி வந்தது. எவ்வளவு தூரம்? 56 பேர் தூரம். மொத்த அமெரிக்க ராணுவத்துக்கும் 56 கறுப்பின நர்ஸ்கள். அதுவும் கறுப்பினச் சிப்பாய்கள் இருக்கிற வார்டுகளுக்கு மட்டும். வட கரோலினாவிலும் லூசியானாவிலும் இரண்டு முகாம்கள். கடற்படையோ அந்த 56-ஐக்கூட யோசிக்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 56 என்பது அவமானம் என்று தூக்கியெறிவதா, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடுவதா? ஸ்டாப்பர்ஸ் இரண்டையும் செய்யவில்லை. இடத்தை வாங்கிக்கொண்டார், வாயை மூடவில்லை. என் அபிப்பிராயத்தில் அவருடைய புத்திசாலித்தனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கதவு ஒரு அங்குலம் திறந்தால் அதில் காலை வைத்துக்கொண்டு, மிச்சக் கதவுக்காகக் கத்துவது.

அடுத்த மூன்று வருஷம் இழுபறி. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு யுத்தம். 1943-ல் அரசாங்கமே ஒரு வேடிக்கை செய்தது. நர்ஸ் பற்றாக்குறை என்று சொல்லி, அரசுச் செலவில் நர்ஸிங் படிக்க வைக்கும் திட்டம் கொண்டுவந்தது. அதில் நிற பேதம் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். கறுப்பினப் பெண்கள் சுமார் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஆக, ஒரு கை காசு கொடுத்துப் படிக்க வைக்கிறது. இன்னொரு கை, படித்துவிட்டு வந்தவர்களின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. கை இரண்டும் ஒரே அரசாங்கத்தினுடையது.

வேலை கிடைத்தவர்கள் நிலைமை? 1943-ல் ஒரு குழுவை ஆப்பிரிக்காவில் லைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மலேரியா பிடுங்கித் தின்றது. 1944-ல் 63 பேர் கொண்ட இன்னொரு குழு இங்கிலாந்துக்குப் போனது. யாருக்குச் சிகிச்சை தெரியுமா? யுத்தக் கைதிகளாகப் பிடிபட்ட ஜெர்மானியர்களுக்கு. அமெரிக்காவுக்குள் இருந்த கைதி முகாம்களிலும் இதே கதை.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இனவெறி பிடித்த ஹிட்லரை எதிர்த்து யுத்தம். அந்த யுத்தத்தில் காயம்பட்ட வெள்ளை அமெரிக்கச் சிப்பாயைக் கறுப்பின நர்ஸ் தொடக் கூடாது. ஆனால் ஹிட்லரின் சிப்பாய்க்குக் கட்டுப்போடலாம்!

ஸ்டாப்பர்ஸுக்குப் பொறுக்கவில்லை. 1944 நவம்பர் 3-ம் தேதி, ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். அரை மணி நேரம். கைதி முகாம் சங்கதியை எல்லாம் கொட்டித் தீர்த்தார். எலினார் கேட்டுக்கொண்டார். சம்பந்தப்பட்டவர்களிடம் பேசவும் செய்தார். ஆனால் ராணுவம் உடனே அசைந்துவிடவில்லை.

அசைத்தது வேறொன்று. 1945 ஜனவரி 6. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காங்கிரஸுக்கு அனுப்பிய வருடாந்திர உரையில் ஒரு குண்டு. நாட்டில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பதிவு பெற்ற நர்ஸ்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் ராணுவத்துக்குத் தேவையான அளவு முன்வரவில்லை. எனவே நர்ஸ்களைக் கட்டாயமாகச் சேர்க்கச் சட்டம் வேண்டும்.

கட்டாய ஆள்சேர்ப்பு. பெண்களை! அமெரிக்கச் சரித்திரத்தில் அதுவரை நடக்காத விஷயம்.

நியூயார்க்கில் ஒரு கூட்டம். ராணுவ மருத்துவத் துறையின் தலைவர், சர்ஜன் ஜெனரல் நார்மன் கிர்க், கிட்டத்தட்ட முந்நூறு பேருக்கு முன்னால் நிலைமை எவ்வளவு மோசம் என்று விவரித்துக்கொண்டிருக்கிறார். பார்வையாளர் வரிசையிலிருந்து மேபல் ஸ்டாப்பர்ஸ் எழுந்தார். கேட்டது ஒரே கேள்வி. நர்ஸ்கள் இவ்வளவு அவசரமாகத் தேவை என்றால், கறுப்பின நர்ஸ்களை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

நியாயமான கேள்வி. பதிவு பெற்ற கறுப்பின நர்ஸ்கள் அப்போது சுமார் ஒன்பதாயிரம் பேர். ராணுவத்தில் இருந்தவர்கள் முந்நூறு பேர் அளவுக்குத்தான். கடற்படையில் பூஜ்யம். வேண்டாம் என்கிறவர்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்துப் போவீர்கள், வருகிறேன் என்று வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்புவீர்கள், இது என்ன கணக்கு? கிர்க்கிடம் உருப்படியான பதில் இல்லை. மறுநாள் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன. நர்ஸ்கள், சர்ச்சுகள், தொழிற்சங்கங்கள், பெயர் தெரியாத சாதாரண ஜனங்கள். நிறைய தந்திகள் வெள்ளையர்களிடமிருந்து வந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜனவரி 20-ம் தேதி கிர்க் அறிவித்தார்: இனி நிறம் பார்க்காமல் நர்ஸ்கள் சேர்க்கப்படுவார்கள். ஐந்து நாள் கழித்து கடற்படையும் வழிக்கு வந்தது. மார்ச் 8-ம் தேதி ஃபிலிஸ் மே டெய்லி என்பவர் நியூயார்க்கில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, கடற்படையின் முதல் கறுப்பின நர்ஸ் ஆனார். கட்டாயச் சேர்ப்பு மசோதா? கீழ்சபையில் நிறைவேறியது. அதற்குள் மே மாதம் ஜெர்மனி சரணடைந்துவிட, அப்படியே கிடப்பில் போனது.

கதவு திறந்தது, யுத்தம் முடிகிற நேரம். இந்தத் தடவையும்! அந்த யுத்தத்தில் ராணுவ நர்ஸ்களாக இருந்தவர்கள் சுமார் 59,000 பேர். அதில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 500.

ஸ்டாப்பர்ஸ் அதோடு ஓயவில்லை. ராணுவத்தை விட்டுவிட்டு அந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியைப் பிடித்தார். மாநிலச் சங்கம் சேர்க்காவிட்டால், தேசிய நர்ஸ்கள் சங்கத்தில் நேரடியாகச் சேரலாம் என்று 1948-ல் வழி பிறந்தது. அது நடந்ததும் அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நமக்கென்று தனிச் சங்கம் இனி எதற்கு என்று, தானே கட்டி வளர்த்த அமைப்பை 1951-ல் கலைத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொள்கிற தலைவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும்.

அந்த 'ஏ' என்ன ஆயிற்று? செஞ்சிலுவைச் சங்கம் 1949-ல்தான் அந்த எழுத்தைக் கைவிட்டது. பிரான்சிஸ் எலியட்டைத் தேசிய மாநாட்டு மேடையில் கௌரவிக்க வேண்டும் என்று அதே சங்கத்துக்கு 1965-ல் தோன்றியது. அழைப்பும் அனுப்பினார்கள். மாநாட்டுக்குச் சில நாள் முன்னால், மே மாதத்தில், அவர் இறந்துபோனார். வயது 83.