தண்ணீர் கலந்த பாலிலிருந்து ஒவ்வாமைப் பட்டியல் வரை: ஊவாவின் கடைகளும் உணவுச் சட்டமும்

இலங்கையின் உணவுச் சட்டம் பாலை நெடுங்காலம் காக்கப்படவேண்டிய பொருளாகவே பார்த்தது. தீங்கு தரும் கலப்படத்தை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியது. பின்னர் 1949ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டமும், உணவைப் பொறுத்தவரை அதன் இடத்துக்கு வந்த 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அந்தக் காவலை விரித்தன. பாலே சிலருக்கு ஆபத்தாகலாம் என்ற எண்ணம் சட்டத்துக்குள் வந்தது மிகப் பிந்தித்தான்.

ஊவாவின் நமுனுகுல மலையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் பால் எளிதில் கிடைத்த உணவன்று. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் காலையில் குடிக்கப்பட்டது பெரும்பாலும் வெறுந்தேத்தண்ணி. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தபின் கொழும்பிலிருந்து டின்பால் வருவது எளிதாயிற்று. லயத்துக்கு அருகே கொட்டில் போட்டு மாடு வளர்த்தவர்கள் சாணத்தை மரக்கறித் தோட்டத்துக்கு இட்டுப் பாலை விற்றார்கள். 1950களில் அமைந்த தேசிய பால் சபை அந்தப் பாலுக்கு ஒரு நிலையான கொள்வனவாளராயிற்று. வெல்லஸ்ஸப் பக்கத்து எருமைத் தயிர் மட்டும் சட்டிகளில் தன்பாட்டுக்கு வீதியோரக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் கலந்த பாலைப் பிடிக்க அன்றிருந்த சோதனைக் கருவி பால்மானி. தண்ணீர் சேர்ந்தால் பாலின் அடர்த்தி குறையும், கருவி ஆழமாக அமிழும். ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆகவே ஆடையையும் எடுத்து அளவாகத் தண்ணீரும் ஊற்றிய பால், பால்மானியில் நல்ல பாலாகவே தெரியும். இந்த வித்தை விற்பவருக்கும் தெரியும், பிடிக்க வந்தவருக்கும் தெரியும். கொழுப்பளவைத் தனியாகப் பார்க்கும் சோதனை அதனால்தான் அவசியமாயிற்று. பட்டினக் கடைகளைப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சனங்கள் சொல்லும் 'பீ.எச்.ஐ.', இருந்தார். தோட்டங்களில் சுகாதாரம் நெடுங்காலம் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே கிடந்தது. தோட்டக் குழந்தைகளின் போஷாக்கைக்கூட 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்தை நிர்வகித்த துரைமாரிடமே ஒப்படைத்திருந்தது.

சாப்பாட்டுக் கடையின் கறிகளில் ஊற்றப்பட்டது தேங்காய்ப்பால். எனவே மாட்டுப்பாலின் இடம் தேநீர், தயிர், சில இனிப்புகள் என்ற அளவில் நின்றது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு நிலைமை மாறியது. பால்மா பணிசுக்குள் போனது. பால்திண்மம் சேர்ந்த மாஜரின் வகைகளும் வந்தன. சீஸ் கொத்து அதற்கும் பின்னால் வந்தது. கண்ணுக்குத் தெரியாத பால், கண்ணுக்குத் தெரிந்ததைவிடப் பரவலாயிற்று.

பால் ஒவ்வாமை, பால்சர்க்கரை செரியாமையிலிருந்து வேறானது. செரியாமை வயிற்றோடு நிற்கும். ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பாற்றல் பாலின் புரதங்களோடு மோதுகிறது, கடுமையானால் மூச்சும் அடைக்கும். காய்ச்சுவதால் கேசீன் புரதம் எளிதில் அழிவதில்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு எருமைத் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. கோடெக்ஸ் உணவு நியம ஆணைக்குழு 1999இல் பாலை, முட்டை, மீன், நிலக்கடலை முதலியவற்றோடு கட்டாயம் அறிவிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்தது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் லேபல் விதிகளுக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் விதிகள் பொதியுணவில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்கச் சொல்கின்றன. பிஸ்கட் பைக்கற்றுக்கு இது நல்ல ஏற்பாடு. தட்டில் வரும் கொத்துக்கு லேபல் கிடையாது.

சாப்பாட்டுக் கடைகளுக்குப் பொருந்துவது முக்கியமாகச் சுகாதார விதிகள்: தண்ணீர், கழிவு, ஈ, சமையல்காரரின் மருத்துவச் சோதனை. இவை தொற்றைத் தடுப்பவை. சுத்தமான கரண்டியாலும் ஒவ்வாமைப் பொருள் பரவும் என்பது இவற்றின் கணக்கில் வராது. பிரித்தானியாவில் 2014 டிசம்பரிலிருந்து உணவகங்கள் பால் உட்பட 14 பொருள்களை வாடிக்கையாளருக்கு அறிவிக்கவேண்டும். லண்டனில் கொத்து போடும் ஈழத்தமிழர் கடைக்கும் அதே கடமை. இந்தியாவில் 2022இலிருந்து 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்களுக்கு இத்தகைய விதி உண்டு. பசறை, பதுளைக் கடைகளின் அளவுக்கு இந்திய எல்லைக்கோடு பொருந்தாது, அங்கு பெரும்பாலானவை ஒற்றைக் கடைகள். பணிசில் பால்மா உண்டா என்பதை அங்கே அடுப்படியில் நிற்பவரிடம் கேட்டே அறியவேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய பணிசாக இருந்தால் அவருக்கும் அது தெரிந்திருக்காது.