முந்தானையும் லேத் மெஷினும்

மெக்கானிக்கல் படித்தவனுக்குப் புடவையைப் பற்றி என்ன தெரியும் என்று நம் சங்கத்துச் சகோதரிகள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் பெண்கள் உடை மாறியதற்கெல்லாம் சினிமாதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேலையும் வண்டியும்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

மடிசாரைப் பாருங்கள். ஒன்பது கெஜம், ஆனால் துணி காலுக்கு நடுவே போய்ப் பின்னால் செருகப்படுவதால் கால் வீசி நடக்கலாம். இன்று நாம் பார்க்கும் முன்கொசுவக் கட்டு பரவியதில் தாகூர் வீட்டு மருமகள் ஞானதாநந்தினி தேவிக்குப் பங்கு உண்டு. 1860-களில் பம்பாய் போனவர், பார்சிப் பெண்களைப் பார்த்துக் கற்றுவந்தார். தோளில் மடிப்பு நிற்க ஊக்கு வேண்டும். அதற்கு 1849-ல் காப்புரிமை வாங்கிய வால்டர் ஹன்ட், வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டாராம், பாவம்!

1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா, பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் மூவரும் சேர்ந்தார்கள். லலிதா பிற்பாடு பக்ரா நங்கல் மின்பாதை வேலையில் பங்கெடுத்தார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார். லலிதாவின் படங்களைப் பார்த்தால் புடவையில்தான் இருக்கிறார்.

இடையில் 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 22-ஆம் பிரிவை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? ஓடுகிற ஷாஃப்டுக்கு எண்ணெய் போடுவது போன்ற வேலையைப் பயிற்சி பெற்ற ஆண்தான் செய்யணும். உடம்பை ஒட்டிய உடை போட்டிருக்கணும். அந்த உடையைத் தொழிற்சாலையே கொடுக்கணும் என்றது. ஆபத்துள்ள இடத்தில் பெண்கள் அந்த வேலையைச் செய்யவே கூடாது என்றும் சொன்னது. முந்தானை ஷாஃப்டில் சுற்றினால் என்ன ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் நின்ற எவருக்கும் தெரியும். பயம் நியாயம்தான். ஆனால் அதே உடையைப் பெண்ணுக்கும் கொடுக்கலாமே என்று அன்று யாருக்கும் தோணலை!

வண்டி விஷயத்தில் நடந்தது வேறு. 1972-ல் லூனா, 1980-ல் டிவிஎஸ் 50, 1984-ல் கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா. ஓட்டுவதற்குச் சல்வார்தான் வசதி. (நாம் எல்லாவற்றையும் 'சுடிதார்' என்றே சொல்லிவிட்டோம். காலில் வளையல் மாதிரி சுருக்கம் விழும் இறுக்கமான கால்சட்டைக்கு மட்டும்தான் அந்தப் பேர்.) பின்னால் உட்காருகிறவர் புடவையில் இருந்தால்? பைக்கின் பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு வேண்டும், உடை சிக்கக்கூடாது என்று 1989 மோட்டார் வாகன விதிகள் சொல்லின. அதுதான் நம்ம 'ஸாரி கார்டு'. இங்கே யாரையும் இறங்கச் சொல்லலை, வண்டியைத் திருத்தினார்கள். ஒரு பொறியாளனாக எனக்குப் பிடித்த விதி அது.

எங்கள் செட்டில் பெண்கள் துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு, மேலே காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு லேத்தில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் புடவையோடு படித்த அக்காக்கள் எப்படிச் சமாளித்தார்களோ? சந்திப்புக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள், அடுத்த மலரில் எழுதிவிடுகிறேன்.