வயர்டு கேமிங் மவுஸ்: எந்தப் பயன்பாட்டுக்கு எது பொருந்தும்? வாங்கும் முன் அறிய வேண்டியவை

கணினி விளையாட்டுகளுக்கென வடிவமைக்கப்படும் வயர்டு கேமிங் மவுஸ், இன்று விளையாடுவோரின் கைகளில் மட்டும் இல்லை. கணக்கு அலுவலகம், கட்டட வரைபட நிறுவனம், காணொலித் தொகுப்புக் கூடம், மாணவர் விடுதி எனப் பல இடங்களிலும் அது பயன்படுத்தப்படுகிறது. பெட்டியின் மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்களை மட்டும் நம்பி வாங்குவோர், தங்களுக்குத் தேவைப்படாத வசதிக்குக் கூடுதல் பணம் செலவிட நேரிடுகிறது. கைக்குப் பொருந்தாத மவுஸை நாள்தோறும் பல மணி நேரம் பயன்படுத்துவோருக்கு மணிக்கட்டு வலியும் ஏற்படக்கூடும். இந்நிலையில், ஒரு வயர்டு கேமிங் மவுஸைப் பல்வேறு பயன்பாடுகளுக்கு எவ்வாறு மதிப்பிடுவது என்பதை விளக்குகிறது இத்தொகுப்பு.

பின்னணி

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் உருவாக்கிய கருத்தின் அடிப்படையில், பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் 1964-இல் முதல் மவுஸை வடிவமைத்தார். அதன் மேற்கூடு மரத்தால் ஆனது. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற செயல்விளக்கத்தில் அது பொதுவெளியில் காட்டப்பட்டது. 1970-இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

அடியில் உருளும் பந்துடன் நெடுங்காலம் இயங்கிய மவுஸ், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999-இல் ஒளி உணரியுடன் கூடிய மாதிரியை வெளியிட்ட பிறகு பெரும் மாற்றம் கண்டது. அதே ஆண்டில் 'பூம்ஸ்லாங்' என்ற பெயரில் விளையாட்டுக்கெனத் தனி மவுஸும் சந்தைக்கு வந்தது.

இந்தியாவில், பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக மின்விளையாட்டு 2022 டிசம்பரில் மத்திய விளையாட்டுத் துறையின்கீழ் கொண்டுவரப்பட்டது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்கப் பிரிவாக இடம்பெற்றது. பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளுக்குத் தடை விதித்த 2025-ஆம் ஆண்டின் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், மின்விளையாட்டுக்கு அங்கீகாரம் அளித்துள்ளது.

டிபிஐ: அதிகம் என்றால் சிறந்ததா?

மவுஸ் விளம்பரங்களில் முதலிடம் பெறும் எண் 'டிபிஐ'. மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது எத்தனை புள்ளிகள் நகர்ந்ததாக அது கணினிக்குத் தெரிவிக்கிறது என்பதே இதன் பொருள். இந்த எண் உயர்ந்தால் துல்லியம் உயரும் என்பது பரவலான தவறான புரிதல். உண்மையில் உயர்வது அம்புக்குறியின் வேகமே.

எளிய கணக்கு ஒன்றின் மூலம் இதனை விளங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கணினித் திரைகள் 1,920 புள்ளிகள் அகலம் கொண்டவை. 800 டிபிஐ அளவில், திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல மவுஸைச் சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 8,000 டிபிஐ அளவில் சுமார் 6 மில்லிமீட்டர் போதும். 25,600 டிபிஐ அளவிலோ 2 மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. இவ்வளவு சிறிய அசைவில் ஒரு பொத்தானின் மீது அம்புக்குறியை நிறுத்துவது மனிதக் கைக்கு இயலாதது. தொழில்முறை வீரர்கள் பலர் 400 முதல் 1,600 டிபிஐ வரையிலான அளவையே பயன்படுத்துவதற்கு இதுவே காரணம்.

எனவே, உச்ச அளவைக் காட்டிலும், கை வேகமாக நகரும்போதும் உணரி தடம் தவறாமல் செயல்படுகிறதா என்பதே முக்கியம். 3,840 புள்ளிகள் அகலமுள்ள 4கே திரை வைத்திருப்போருக்கு 1,600 டிபிஐ அளவு வசதியாக இருக்கும்.

அறிக்கை வேகம்

மவுஸ் தன் நிலையை ஒரு விநாடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தெரிவிக்கிறது என்பது ஹெர்ட்ஸ் அளவில் குறிப்பிடப்படுகிறது. சாதாரண மவுஸ்களில் இது வழக்கமாக 125 ஹெர்ட்ஸ். அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ்களில் 1,000 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை. 8,000 ஹெர்ட்ஸ் வரை செல்லும் மாதிரிகளும் உள்ளன.

இந்த வேகத்தின் பயன், திரையைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 17 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் காட்சியை மாற்றும். 144 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 7 மில்லி விநாடிக்கு ஒருமுறை மாற்றும். பழைய திரையை வைத்துக்கொண்டு 8,000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்குவோருக்குக் கண்ணில் தெரியும் பலன் மிகக் குறைவு. மேலும், அந்த வேகம் கணினியின் செயலிக்குக் கூடுதல் சுமையையும் தரும்.

எடையும் வடிவமும்

நீண்ட நேரப் பயன்பாட்டில் கைக்கு நேரடியாகத் தெரிவது எடையும் வடிவமுமே. இந்தியச் சந்தையில் நன்கு அறியப்பட்ட மூன்று மாதிரிகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

* லாஜிடெக் ஜி102 லைட்சிங்க்: எடை 85 கிராம், நீளம் சுமார் 117 மில்லிமீட்டர், 6 பொத்தான்கள், உச்ச அளவு 8,000 டிபிஐ.
* ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல்: எடை 96 கிராம், நீளம் 127 மில்லிமீட்டர், 5 பொத்தான்கள், உச்ச அளவு 6,400 டிபிஐ.
* லாஜிடெக் ஜி502 ஹீரோ: எடை 121 கிராம், நீளம் 132 மில்லிமீட்டர், 11 பொத்தான்கள், உச்ச அளவு 25,600 டிபிஐ. தலா 3.6 கிராம் எடையுள்ள 5 எடைக்கட்டிகளைச் சேர்த்தால் மொத்த எடை 139 கிராம்.

மூன்றும் 1,000 ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குபவை. முதல் மாதிரி சிறிய கைகளுக்கும், விரல்களை வளைத்தோ விரல் நுனியாலோ பிடிப்போருக்கும் ஏற்றது. இரண்டாவது, உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மீது வைப்போருக்கு ஏற்றது. மூன்றாவது, கட்டை விரலுக்குத் தனி இடம் கொண்ட, வலக்கைக்கு மட்டுமான வடிவம்.

இடக்கைப் பழக்கம் உள்ளோர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஜி102 இருபுறமும் ஒத்த வடிவம் கொண்டது என்றாலும், அதன் பக்கவாட்டுப் பொத்தான்கள் இடப்புறத்தில் மட்டுமே உள்ளன. இடக்கையால் பிடிக்கும்போது அவை கட்டை விரலுக்கு எட்டுவதில்லை.

துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுகள்

வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகளில் குறிவைக்கும் துல்லியமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. இதற்கு எடை குறைந்த மவுஸும், அகலமான மவுஸ் பேடும், தளர்வான வயரும் தேவை. பக்கவாட்டில் இரு பொத்தான்களே போதுமானவை. விண்டோஸ் அமைப்பில் உள்ள 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற தெரிவை நீக்கிவிடுவது நல்லது. இத்தெரிவு இயங்கும்போது, கை நகரும் வேகத்துக்கேற்ப அம்புக்குறி செல்லும் தொலைவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரே அசைவுக்கு ஒரே பலன் என்ற பழக்கம் கைக்கு ஏற்படாது.

பல கட்டளைகள் தேவைப்படும் விளையாட்டுகளில் நிலைமை வேறு. ரேசர் நாகா வரிசையில் கட்டை விரலுக்கென 12 பொத்தான்கள் கொண்ட மாதிரிகள் உள்ளன. அவற்றைச் சுடுதல் விளையாட்டுக்குப் பயன்படுத்தினால், அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்தும் வாய்ப்பு அதிகம்.

அலுவலகப் பணி

நீண்ட எக்செல் அட்டவணைகளைக் கையாள்வோருக்கு, டிபிஐ அளவைவிட உருளைச் சக்கரமே முக்கியம். ஜி502 ஹீரோ மாதிரியில், ஒரு பொத்தானை அழுத்தினால் சக்கரம் தடையின்றிச் சுழலும். ஆயிரக்கணக்கான வரிசைகளை ஒரே சுழற்சியில் கடக்கலாம். சக்கரத்தைப் பக்கவாட்டில் சாய்க்கவும் முடியும். மற்ற இரு மாதிரிகளில் இவ்வசதி இல்லை.

அதேசமயம், டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் விசைப்பலகைக் குறுக்குவழிகளாலேயே இயக்கப்படுகின்றன. அப்பணியில் மட்டும் ஈடுபடுவோருக்கு விலை உயர்ந்த மவுஸ் தேவையில்லை.

பல அலுவலகங்களில் கூடுதல் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். அத்தகைய இடங்களில், அமைப்புகளைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் நினைவகம் உடைய மவுஸ் பயன்படும். வீட்டுக் கணினியில் ஒருமுறை அமைத்துவிட்டால், அலுவலகக் கணினியிலும் அதே அமைப்பு தொடரும்.

வரைபடம், வடிவமைப்பு

ஆட்டோகேட் மென்பொருளில் வரைபடத்தை நகர்த்தவும், பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண உருவத்தைச் சுழற்றவும் உருளைச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை இச்செயல் நிகழும். ஆகவே, இத்துறையினர் கடையிலேயே சக்கரத்தை அழுத்திப் பார்ப்பது அவசியம். அது கடினமாக இருந்தால் நடுவிரல் விரைவில் சோர்ந்துவிடும். பொத்தான்களுக்கு வேறு பணியை ஒதுக்கும் வசதி இருப்பின், பக்கவாட்டுப் பொத்தான் ஒன்றுக்கு இந்தப் பணியை மாற்றிவிடலாம்.

புகைப்படத் திருத்தம் செய்வோருக்கு டிபிஐ அளவை உடனுக்குடன் குறைக்கும் பொத்தான் பேருதவியாக அமையும். நுண்ணிய திருத்தத்தின்போது வேகத்தைக் குறைத்து, பிறகு இயல்பு நிலைக்குத் திரும்ப இது வழிசெய்கிறது.

வயர் தேவையா?

தரமான வயர்லெஸ் கேமிங் மவுஸ்களும் இன்று ஒரு மில்லி விநாடி வேகத்தில் இயங்குகின்றன. எனினும், பேட்டரி தீரும் கவலை இல்லாமை, ஒரே தரத்துக்குக் குறைந்த விலை ஆகியவை வயர்டு மவுஸின் நிறைகள். பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் கணினிக் கூடங்களுக்கும் பிரவுசிங் மையங்களுக்கும் வயர்டு மவுஸே நடைமுறைக்கு உகந்தது.

வயர் மேசை விளிம்பில் உரசி இழுபடுவதே இதன் முதன்மைக் குறை. மவுஸுடன் வயர் இணையும் இடத்தில் அடிக்கடி வளைவதால், உள்ளிருக்கும் இழைகள் அறுந்து இணைப்பு விட்டுவிட்டு வரும் பழுதும் உண்டு. வயரை மவுஸைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பது இப்பழுதை விரைவுபடுத்தும்.

எத்தனை நாள் உழைக்கும்?

ஜி102, டெத்ஆடர் எசென்ஷியல் ஆகியவற்றின் பொத்தான்கள் 1 கோடி அழுத்தங்கள் வரையிலும், ஜி502 ஹீரோ 5 கோடி அழுத்தங்கள் வரையிலும் தாங்கும் என அவற்றின் தயாரிப்பு நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. நாளொன்றுக்கு 5,000 முறை அழுத்துவதாகக் கொண்டால், 1 கோடி என்பது 2,000 நாள்களுக்குச் சமம். ஆண்டுக்கு 300 வேலை நாள்கள் என்ற கணக்கில் அது ஆறரை ஆண்டுகளுக்கும் மேல். நாள்தோறும் பல மணி நேரம் விளையாடுவோருக்கு இக்காலம் வெகுவாகக் குறையும்.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாவது இவ்வகைப் பொத்தான்களில் பரவலாகக் காணப்படும் பழுது. உள்ளிருக்கும் உலோகத் தகடு தேய்வடைவதே இதற்குக் காரணம். ஒளிக்கற்றையால் இயங்கும் பொத்தான்களில் உலோகத் தொடர்பு இல்லாததால் இப்பழுது ஏற்படுவதில்லை.

வாங்கியதும் சோதிப்பது எவ்வாறு?

பெட்டியைப் பிரித்த நாளிலேயே சில எளிய சோதனைகளை மேற்கொள்ளலாம். 'பெயிண்ட்' செயலியில் மெதுவாகச் சாய்வுக்கோடு வரையும்போது கோடு நடுங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். மவுஸை மெதுவாக வலப்புறம் நகர்த்தி, தொடங்கிய இடத்துக்கே வேகமாகத் திரும்பக் கொண்டுவந்தால், அம்புக்குறியும் ஏறத்தாழ அதே இடத்துக்கு வர வேண்டும். வெகுவாக விலகினால் உணரி தடம் தவறுகிறது, அல்லது மேற்கூறிய விண்டோஸ் தெரிவு இயங்குகிறது எனப் பொருள். கோப்பு ஒன்றை 50 முறை ஒற்றை அழுத்தம் செய்து, அது தானாகத் திறக்கிறதா என்றும் கவனிக்கலாம்.

கண்ணாடி மேசையின் மீது ஒளி உணரிகள் பெரும்பாலும் சரிவர இயங்குவதில்லை. எனவே, பழுது எனக் கருதும் முன் மவுஸ் பேடின் மீது வைத்துப் பார்க்க வேண்டும்.

உடல்நலம்

எந்த மவுஸாயினும், முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடிந்திருக்க, மணிக்கட்டு நேராக இருக்கும்படி விசைப்பலகையின் உயரத்திலேயே அதனை வைத்துப் பயன்படுத்த வேண்டும். இடையிடையே கைக்கு ஓய்வு தருவதும் அவசியம். கட்டை விரல், சுட்டு விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போதலோ கூச்சமோ தொடர்ந்தால், மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அந்நிலையில் மவுஸை மாற்றுவதுடன் நின்றுவிடாமல் மருத்துவரை அணுகுவதே உரியது.

நுகர்வோர் உரிமை

இணையவழியில் விற்கப்படும் பொருள்களுக்குத் தயாரிக்கப்பட்ட நாட்டின் பெயரைக் குறிப்பிடுவது கட்டாயம். பெட்டியின் மீது அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளரின் முகவரி, வாடிக்கையாளர் சேவை விவரம் ஆகியவை இடம்பெற வேண்டும். இவை இல்லாத பொருளைத் தவிர்ப்பது போலிகளிடமிருந்து காக்கும். ரசீதையும் பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பாதுகாத்து வைப்பது நல்லது.

பழுதடைந்த பொருளை மாற்றித்தர விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தொடர்புகொள்ளலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

சுருக்கமாக

சுடுதல் விளையாட்டுக்கு எடை குறைந்த மவுஸ், அட்டவணைப் பணிக்கு நல்ல சக்கரம், வரைபடப் பணிக்கு எளிதில் அழுந்தும் நடுப்பொத்தான், மாணவருக்குக் கைக்கு அடக்கமான எளிய மாதிரி ஆகியவையே முதன்மைத் தேவைகள். எல்லாப் பணிகளுக்கும் ஒரே மவுஸ் வாங்குவோர், நாளின் பெரும்பகுதியை எந்தப் பணியில் செலவிடுகிறார்களோ அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுவதற்கென வாங்கிய மவுஸையே, பகலில் எட்டு மணி நேரமும் கை பிடித்திருக்க வேண்டியிருக்கும்.