கத்தரிக்காய் வழக்கு



நேற்று அம்மாபேட்டை உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது பழைய மாணவி ஒருத்தி, "இதெல்லாம் மரபணு மாத்தினதா டீச்சர்?" என்று கேட்டாள். "நம்ம நாட்டுல அதுக்கு அனுமதி இல்லம்மா" என்றேன். ஏன் இல்லை என்பது ஒரு வரலாறு.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் சேர்த்தால், அதைத் தின்னும் காய்ப்புழு செத்துவிடும், மருந்தடிப்பது குறையும். அதுதான் பி.டி. கத்தரி. மகிகோ நிறுவனத்தோடு நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இதில் ஈடுபட்டது. 2009 அக்டோபர் 14 அன்று மத்திய ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு கிளம்பவே, அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். தீங்கு என்று நிரூபணமானதால் அல்ல. விஞ்ஞானிகளிடையே ஒத்த கருத்து இல்லை, அவசரமும் இல்லை என்பதால். வங்கதேசமோ 2013-ல் அனுமதித்து, அடுத்த ஆண்டே பயிரிட்டது.

ஆனால் பி.டி. பருத்திக்கு 2002-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அதன் விதை எண்ணெயாகிறது. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. கத்தரிக்கு நடந்த விவாதம் எண்ணெய்க்கு நடக்கவில்லை. மரபணு மாற்று உணவுப் பொட்டலத்தின் மேல் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1-ல்தான் வந்தது. அதுவும் பொட்டலத்துக்கு மட்டும்.

நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எதைத் தின்கிறோம் என்று தெரிந்துகொள்வது நம் உரிமை. அதனால் இன்று ஒரு வீட்டுப்பாடம்: அடுத்த முறை கடையில் பருத்தி விதை எண்ணெய் கண்ணில் பட்டால், அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள்.