கல்வியின் விலை

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்துவிட்டால், சிங்காரப்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் ஒரே கேள்விதான் எழுகின்றது. "இத்துணைப் பணம் கேட்கும் கல்லூரியில் பிள்ளையைச் சேர்ப்பது தகுமா, ஹஜ்ரத்?" என்று நம்மைப் போன்ற ஆசிரியர்களிடமும் வந்து கேட்கின்றனர். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊராதலால், கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளுக்கு இங்குக் குறைவில்லை. ஓசூரைக் கடந்து பெங்களூர்க் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர்களும் வீடு தேடி வருகின்றனர். அவர்கள் கேட்கும் பணமோ, தந்தை கடை வைத்தும் வண்டி ஓட்டியும் சேர்த்தது. அல்லது தாயின் நகையை அடகு வைத்துப் பெற வேண்டியது. எனவே இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

கல்விக்கு விலை வைத்தலே தவறு என்பார் சிலர். பணம் கொடுத்தால்தான் நல்ல கல்வி கிடைக்கும் என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

பாராமகாலின் பழைய கணக்கு

முதலில் நம் மண்ணின் வரலாற்றைக் காண்போம். சிங்காரப்பேட்டை, பாராமகாலிலிருந்து செங்கம் கணவாய்க்குச் செல்லும் வழியில் உள்ளது. 1767-ஆம் ஆண்டு ஹைதர் அலீயின் படையும் கும்பினியாரின் படையும் செங்கத்தில் மோதிக்கொண்டன. 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த பாராமகால் கும்பினியாரிடம் சென்றது. அப்பகுதியை நிருவகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடு என்பாருக்குத் துணைவராக இருந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ.

அந்த மன்றோ, பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னராகி, 1822-இல் மாகாணம் முழுவதிலும் இருந்த பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அப்பள்ளிகளில் பெரும்பாலானவை பிள்ளைகள் கொடுத்த சம்பளத்தால் நடந்தவை. ஆசிரியர் ஒருவருக்கு மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பது அரிது என்றும், தகுதி வாய்ந்தோர் இத்தொழிலுக்கு வர அவ்வருவாய் போதாது என்றும் மன்றோ கருதினார்.

ஆதலின், காசு கொடுத்துப் படிப்பது நேற்று முளைத்த வழக்கம் அன்று. திண்ணைப் பள்ளியிலும் சம்பளம் இருந்தது. ஆனால் அச்சம்பளம் ஆசிரியரின் கைக்கு நேரே சென்றது. அவர் கற்பித்தாரா, இல்லையா என்பதை ஊரார் தம் கண்ணாலேயே கண்டனர். கொடுப்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையே வேறெவரும் இல்லை.

கூலி பற்றி மார்க்க அறிஞர்கள்

இனி, இஸ்லாமிய வரலாற்றை நோக்குவோம். ஹிஜ்ரி 2-இல் நிகழ்ந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்களாயும் மீட்புப்பணம் தர இயலாதவர்களாயும் இருந்தோர், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறலாம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள் என்பது சீறா நூல்களில் காணப்படும் செய்தி. எழுத்தறிவுக்கு ஒரு மதிப்பு உண்டென்பதும், அதனைப் பொருளுக்கு ஈடாகக் கொள்ளலாம் என்பதும் இதனால் விளங்கும்.

ஆயின் குர்ஆனைக் கற்பிப்பதற்குக் கூலி பெறலாமா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோர் பெறலாம் என்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்தம் முதல் மாணவர்களும் கூடாது என்றனர். ஸுஃப்பாத் தோழர்களுக்கு ஓதிக்கொடுத்த உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுக்கு ஒரு மாணவர் வில் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை ஏற்பது குறித்துக் கடுமையாக எச்சரித்த செய்தியை இவர்கள் சான்றாகக் காட்டினர். பின்னர் அரசின் உதவித்தொகைகள் நின்றுபோய், ஆசிரியர்கள் பிழைப்புக்கு வேறு தொழில் தேட நேர்ந்தது. ஓதிக்கொடுப்பாரின்றி மார்க்கக் கல்வியே அழிந்துவிடும் என அஞ்சிய பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் கூலி பெறுவதை அனுமதித்தனர். கடற்கரையூர்களின் ஷாஃபிஈகளும் நம் பகுதியின் ஹனஃபீகளும் இன்று நடைமுறையில் ஒன்றுபட்டிருப்பது இவ்வாறுதான்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அனுமதித்தோர் கூறிய காரணம் ஆசிரியரின் வாழ்வும் கல்வியின் நிலைபேறுமே ஆகும். கட்டடம் எழுப்புவோரின் ஆதாயத்தை எவரும் காரணமாகக் கூறவில்லை.

வக்ஃபு வளர்த்த கல்வி

மாணவரிடம் பணம் வாங்காமலே பெரிய கல்விக்கூடங்களை நடத்த நம் முன்னோர் கண்ட வழி வக்ஃபு. ஹிஜ்ரி 459-இல், அதாவது கி.பி. 1067-இல், அமைச்சர் நிஸாமுல் முல்க் பக்தாதில் திறந்த நிஸாமிய்யா மத்ரஸாவுக்கு நிலங்களும் கடைகளும் வக்ஃபாக விடப்பட்டன. ஆசிரியருக்கு ஊதியமும் மாணவருக்கு உணவும் உறையுளும் அவ்வருவாயிலிருந்தே கிடைத்தன. ஆனால் இச்செய்தியைக் கேட்ட மாவராஉன்னஹ்ர் நாட்டு உலமாக்கள், கல்விக்காகத் துக்கம் கொண்டாடினர் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. ஊதியமும் உணவும் கிடைக்கும் என்பதற்காகவே கல்வியை நாடுவோர் இனிப் பெருகுவர் என்பது அவர்கள் கவலை. அதே நிஸாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக விளங்கிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற ஐயத்தால் வருந்தி, 1095-இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். இலவசம் என்பதாலேயே கல்வி தூயதாகிவிடாது என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர்.

தமிழகத்திலும் இவ்வறவழி தழைத்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர்கள் பல தலைமுறைகளாக ஊர்ப் பள்ளிவாசல்களில் பணிபுரிந்து வருகின்றனர். நமக்குத் திருப்பத்தூருக்கு அப்பால் இருக்கும் வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1951-இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக் கல்லூரியும், 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் எழுந்தன. அதே 1955-இல் நீதிபதி பஷீர் அஹ்மது ஸயீது அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி பிறந்தது. தோல் வணிகரும் பிற செல்வரும் நிலமும் பொருளும் ஈந்தனர். பின்னர் ஆசிரியர் ஊதியத்துக்கு அரசு உதவி கிடைத்தது. அதனால் ஏழை மாணவரும் சிறு கட்டணத்தில் பட்டம் பெற முடிந்தது.

சுயநிதிக் காலம்

இந்நிலை மாறியது எவ்வாறு? கருநாடகத்தில் டாக்டர் டி.எம்.ஏ. பை அவர்கள் 1953-இல் மணிப்பாலில் தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். அவ்வழியைப் பின்பற்றி அம்மாநிலத்தில் கல்லூரிகள் பெருகின. நன்கொடை என்ற பெயரில் பெருந்தொகை வாங்கும் வழக்கமும் பெருகியது. 1984-இல் கருநாடக அரசு அதனைத் தடை செய்து சட்டம் இயற்றிற்று. அதே 1984-இல் தமிழகத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இடமளித்தது. 1992-இல் தமிழகமும் நன்கொடைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

அதே ஆண்டு ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் மோகினி ஜெயின் வழக்கில் தீர்ப்பளித்தது. தும்கூர்த் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாயும், கருநாடக மாணவருக்கு 25,000 ரூபாயும், வெளிமாநில மாணவருக்கு 60,000 ரூபாயும் எனக் கட்டணம் இருந்தது. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், விலை மட்டும் மூன்று! நன்கொடை வாங்குவது செல்லாது என்று நீதிமன்றம் உரைத்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு இலவச இடம், கட்டண இடம் என ஒரு திட்டத்தை வகுத்தது. 2002-இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்த டி.எம்.ஏ. பை வழக்கில் அத்திட்டம் கைவிடப்பட்டது. தனியார் கல்லூரி தன் வளர்ச்சிக்காக நியாயமான மிச்சம் வைத்துக்கொள்ளலாம். கொள்ளை இலாபமும் நன்கொடையும் கூடா என்பது அதன் சாரம். 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் கட்டண நிர்ணயக் குழுக்கள் ஏற்பட்டன. 2005-இல் ஏழு நீதிபதிகளின் தீர்ப்பும் நன்கொடைத் தடையை உறுதி செய்தது.

ஆக, இந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் கல்வி இலாபத் தொழில் அன்று. கல்லூரிகள் அறக்கட்டளையின் பெயரிலேயே நடக்கின்றன. பெயர் அறக்கட்டளை, நடப்பு வணிகம் என்னும் நிலை பல இடங்களில் உண்டென்பதைப் பெற்றோர் அறிவர். எனினும் நடுநிலையோடு மற்றொன்றையும் கூற வேண்டும். அரசுக் கல்லூரியில் இடம் கிடையாத பல்லாயிரம் பிள்ளைகள், குடும்பத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தது இச்சுயநிதிக் கல்லூரிகளின் வழியாகத்தான். இரவில் தொலைவிலுள்ள விடுதியில் தங்கவிடத் தயங்கிய பெற்றோர், அருகில் கல்லூரி வந்ததனால் பெண்மக்களைப் படிக்க வைத்தனர். ஆதலின் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளத்தல் நீதியன்று.

எதைக் கொண்டு எடை போடுவது?

மத்ரஸாக்களில் ஓதப்படும் தஃலீமுல் முதஅல்லிம் என்னும் நூலில் இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள் ஓர் அறிவுரையை எடுத்துரைக்கின்றார். புகாரா நகருக்குப் படிக்கச் செல்பவன் அவசரப்பட்டு ஓர் ஆசிரியரிடம் அமர்ந்துவிடாது, இரண்டு மாதம் பொறுத்து ஆராய்ந்து தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் நன்கு ஆராய்ந்தே ஹம்மாத் (ரஹ்) அவர்களை ஆசிரியராகத் தேர்ந்தார். அக்காலத்தில் இஜாஸா வழங்கியவர் ஆசிரியர். அதில் இருந்தது அவர் பெயர். யாரிடம் ஓதினாய் என்று கேட்டார்களே அன்றி, எந்தக் கட்டடத்தில் ஓதினாய் என்று கேட்டவர் குறைவு.

இன்றைக்கும் முதற் கேள்வி அதுவே. 2024 ஜூலையில் தமிழகப் பொறியியல் கல்லூரிகள் பற்றி ஓர் அதிர்ச்சிச் செய்தி வெளியாயிற்று. ஒரே ஆசிரியரின் பெயர், ஒரே காலத்தில் பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்ததை அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணை மேற்கொண்டது. ஆசிரியர் இல்லாத வகுப்புக்குக் கட்டிய பணம் எதற்கான விலை? எனவே கல்லூரியைக் காணச் செல்லும் தந்தை, வண்ணக் கட்டடத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாகாது. அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளையிடம், வகுப்பு நாள்தோறும் நடக்கின்றதா, ஆசிரியர் நிலைத்திருக்கின்றாரா, முன்னர்ப் படித்தோர் இப்போது எங்கே இருக்கின்றனர் என்று விசாரிக்க வேண்டும். பல்கலைக்கழக இணைப்பும் உரிய குழுவின் ஒப்புதலும் அந்தப் பாடப்பிரிவுக்கே உண்டா என்றும் கேட்க வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரியிலும் சுயநிதிப் பிரிவு தனியே உண்டாதலால், பிள்ளை சேர்வது எப்பிரிவு என்பதையும் தெளிந்துகொள்ள வேண்டும். கட்டும் பணம் முழுமைக்கும் இரசீது தராத கல்லூரியின் வாயிலைக் கடவாமல் இருப்பதே நன்று. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தடுத்து வைத்தல் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருப்பதும் நினைவிலிருக்கட்டும்.

இரண்டாவது, கணக்கு. ஆண்டுக் கட்டணம் ஒரு இலட்சமும், பேருந்து, நூல் முதலியவற்றுக்கு முப்பதாயிரமும் என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டில் ஐந்து இலட்சத்து இருபதாயிரம் ஆகும். படித்து முடித்தவன் பதினைந்தாயிரம் சம்பளத்தில் அமர்ந்து, மாதம் ஐயாயிரம் மிச்சம் பிடித்தால், அத்தொகை திரும்ப ஏறத்தாழ ஒன்பது ஆண்டு ஆகும். இப்பணம் வட்டிக்கு வாங்கியதாயின் கணக்கு இன்னும் நீளும். அதனினும் பெரிய மறுமைக் கணக்கும் சேரும். கல்விக் கடனின் வட்டி குறித்து அவரவர் தாம் நம்பும் ஆலிமை அணுகித் தெளிவு பெறுக. ஆனால் வழி வேறு இருக்கும்போது வட்டியை முதல் வழியாகக் கொள்வதற்கு நியாயம் இல்லை என்பதில் ஐயமில்லை.

வேறு வழிகளும் உள்ளன. பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி நடக்கின்றது. கிருஷ்ணகிரியில் அரசு கலைக் கல்லூரிகளும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கின்றது. அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும் 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022 முதலும் மாணவர்க்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஓசூர்த் தொழிற்பேட்டை வளர்ந்த இப்பகுதியில், பெயரளவிலான பட்டத்தைக் காட்டிலும் கைத்திறன் தரும் பாலிடெக்னிக் படிப்பு பயன்படும் சூழலும் உண்டு. இவற்றை விசாரியாமல் தரகரின் பேச்சை நம்பிப் பணம் கட்டுவது அறிவுடைமை ஆகாது.

ஜமாஅத்தின் கடமை

இவ்வளவும் பெற்றோரின் தலையில் மட்டும் சுமத்தத் தக்கதன்று. பட்டுத் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், ஏழ்மையால் படிப்பை விட நேர்ந்த அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் செலவை ஏற்றுப் படிக்க வைத்தார். அம்மாணவர் பின்னாளில் அப்பாஸியர் ஆட்சியின் தலைமை காழியானார். இன்று நம் மஹல்லாக்களில் திருமண மண்டபம் கட்டப் பணம் திரள்கின்றது. பள்ளிவாசலின் மினாரா உயர்கின்றது. அதே மஹல்லாவில் நன்மதிப்பெண் பெற்ற பெண்பிள்ளை ஒருத்தி, தம்பியின் கட்டணத்துக்காகத் தன் படிப்பை விட்டுக்கொடுத்து வீட்டில் அமர்கின்றாள். ஜமாஅத்துதோறும் பைத்துல்மால் ஒன்றைத் திறந்து, வட்டியில்லாக் கடனாகிய கர்ளே ஹஸனாவை மாணவர்க்கு வழங்கினால், வேலையில் அமர்ந்தபின் அவர்கள் திருப்பித் தருவர். அப்பணம் அடுத்த பிள்ளைக்குச் செல்லும். தகுதியுள்ள ஏழை மாணவர்க்கு ஸகாத்தையும் வழங்கலாம். விண்ணப்பம் எழுதவும் உதவித்தொகை பெறவும் வழிகாட்டப் படித்த இளைஞர் இருவர் முன்வந்தாலே, மே மாதத்தின் கலக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கட்டணக் கல்லூரி தகுமா என்ற கேள்விக்கு நாம் தரும் விடை இதுவே. கற்பிக்கும் ஆசிரியர் அங்கு இருந்து, கேட்கும் பணம் முறையான கட்டணமாக இருந்து, வட்டியின்றிக் கட்டவும் இயலுமாயின், தகும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருந்து வேறு வாயிலைத் தேடுக. புகாரா சென்ற மாணவனுக்கு இரண்டு மாதம் பொறுப்பது பெரிதாகத் தோன்றவில்லை. ஆயுள் முழுவதும் உடன்வரும் கல்விக்காக நாமும் சில வாரம் அலைந்து விசாரிப்பதால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. பயன் தரும் கல்வியை நம் மக்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.